விலைச் சீட்டில் ரஷ்ய எழுத்து

எங்கள் பட்டுக் கடையின் பின்பக்கம் ஓர் உள் அறை உண்டு. மூன்று சுவரிலும் மர அலமாரி, நான்காவது சுவரில் கம்பி போட்ட சின்ன ஜன்னல். தறிக்காரர்கள் கொண்டுவந்து போடும் சேலைகளை அங்கே உட்கார்ந்து பிரித்துப் பார்த்து, மடிப்பைத் திருத்தி, விலைச் சீட்டு கட்டி, நிறம் பார்த்து அடுக்க வேண்டும். வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அந்த அறை எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே ஆசை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவனுக்கு இதெல்லாம் ஓர் ஆசையா என்று கேட்கலாம். கூச்சம் உள்ளவர்களுக்குப் புரியும்.

எங்கள் குடும்பம் தறிக் குடும்பம். கூடப் பிறந்த மூத்தவர் தறியில் உட்கார்ந்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டதால் என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். படித்தவன் நன்றாகப் பேசுவான் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே, எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் பாதியில் நின்றுவிடும். கடையில், வெள்ளைத் துணி விரித்த மெத்தையின் மேல், கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த கூட்டம் எதிரே உட்கார்ந்துகொண்டு ஒரே சமயத்தில் கேள்வி கேட்கும்போது எப்படி இருந்திருக்கும்? நான் சேலையைப் பிரித்து முந்தானையை விசிறிப் போடுவேன். அது எனக்கு நன்றாக வரும். பேச்செல்லாம் பக்கத்தில் இருந்த மூத்த விற்பனையாளருடையது. அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், இனி அண்ணன் என்றால் அவர்தான். அவருக்கு முழங்கால் வலி உண்டு, வாய் வலி கிடையாது. அவர் டீ குடிக்க எழுந்து போனால் நான் மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடிக்கத் தொடங்கிவிடுவேன்.

உள் அறையில் பல வருஷம் இருந்தவர் வேலையை விட்டுப் பக்கத்துக் கிராமமான கூரத்தில் மகன் வீட்டோடு போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, தீபாவளி வியாபாரம் முடிந்ததும் நீ உள்ளே போய்விடு என்றார். அன்று வீட்டுக்கு நடந்தேனா மிதந்தேனா என்று தெரியாது. மனைவியிடம் மட்டும் சொன்னேன். ஊரில் எல்லாரும் முன்னால் வருவதற்குப் பாடுபடுவார்கள், நீங்கள் பின்னால் போவதற்குப் பாடுபடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனாலும் அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

தீபாவளிக்கு முன்னால் ரஷ்யாக்காரர்கள் வந்தார்கள்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. மெட்ராஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ரஷ்ய நிபுணர்கள் வேலை பார்த்தார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மனைவிமாரோடு பஸ் எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வருவார்கள். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைச் சுற்றுவார்கள், கைலாசநாதர் கோயில் சிற்பங்களைப் படம் எடுப்பார்கள். பிறகு புரோக்கர்கள் அவர்களைப் பட்டுக் கடைகளுக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள். அப்படி ஒரு கூட்டம் எங்கள் மெத்தையில் வந்து உட்கார்ந்தது. அண்ணன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் செலவழித்துப் பார்த்தார். அவர்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதைவிடக் கொஞ்சம். ஏதோ கேட்டார்கள், எங்களுக்குப் புரியவில்லை. எழுந்து எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒருவன் வாசலில் நின்று அவர்கள் பாஷையில் வணக்கம் மாதிரி ஏதோ சொன்னான். பொழுது சாய்கிற வரைக்கும் அவர்கள் அந்தக் கடையை விட்டு வெளியே வரவில்லை. முதலாளியும் அந்த வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிய கையோடு என்னைக் கூப்பிட்டார்.

“இங்க எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவன் நீ ஒருத்தன்தான் இருக்கிற. கையெழுத்தும் நல்லா இருக்குது. நீ ரஷ்யா பாஷை கத்துக்கோப்பா.”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல் எனக்கு எந்த பாஷையிலும் வராது. “சரிங்க” என்றேன்.

அண்ணன் மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, “இவன் தமிழ் பேசியே நான் கேட்டதில்ல முதலாளி, ரஷ்யா பாஷை பேசறானா” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உள் அறை என்ன ஆகும் என்று கணக்குப்பிள்ளை மூலமாகக் கேட்டுப் பார்த்தேன். பாஷை வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. பாஷை கற்றுக்கொள்ளாவிட்டால் அறை இல்லை. கற்றுக்கொண்டுவிட்டால் என்னை அறைக்குள் எதற்கு வைப்பார்? இந்த இரண்டாவது பாதி எனக்குப் பல நாள் கழித்துத்தான் உறைத்தது.

முதலாளியே மெட்ராஸ் போய்ப் புத்தகம் வாங்கிவந்தார். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், விலையோ சொற்பம். இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்காக எழுதிய புத்தகம் அது. ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில், இன்ன இங்கிலீஷ் சொல்லில் வரும் ஓசை போல என்று போட்டிருந்தது. அந்த இங்கிலீஷ் சொல்லை எங்கள் வாத்தியார் வாயால்தான் கேட்டிருக்கிறேன். வாத்தியார் எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்துக்காரர். அவர் சொன்ன இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டு நான் ரஷ்யாவுக்குப் போக வேண்டியிருந்தது.

எழுதுவது சீக்கிரம் வந்துவிட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது. கடை மூடிய பிறகு பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில் எழுத்துகளை வரிசையாக எழுதிப் பார்ப்பேன். ஆனால் கண் ஏமாற்றும். இங்கிலீஷ் ‘பி’ மாதிரி இருப்பது ‘ர’. ‘எச்’ மாதிரி இருப்பது ‘ந’. ‘சி’ மாதிரி இருப்பது ‘ஸ’. தெரிந்த முகம் என்று நினைத்துக் கூப்பிட்டால் வேறு ஆள் திரும்பிப் பார்ப்பது மாதிரி. சில எழுத்துகள் மட்டும் எனக்கு நெருக்கமாக இருந்தன. தனக்கென்று ஓசை இல்லாமல், முன்னால் உள்ள எழுத்தை மெலிய வைக்கிற ஒன்று இருந்தது. நம் ஆய்த எழுத்தும் தனியே நிற்காத ஒன்றுதானே என்று அதை ஏற்றுக்கொண்டேன். இன்னொன்றின் ஓசையை எந்த இங்கிலீஷ் சொல்லிலும் காட்ட முடியாது என்று புத்தகமே கையை விரித்திருந்தது. வாயைக் குவிக்காமல் உகரம் சொல்வது மாதிரி அது. பட்டு என்று சொல்லிப் பாருங்கள், கடைசியில் உதடு குவியாமல் ஒரு சின்ன ‘உ’ வரும். பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் என்று மனப்பாடம் செய்தது. அதற்குக் கிட்டத்தட்ட இந்த ஓசை வந்துவிடும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். அது சரியா என்று கேட்க ஊரில் ஆள் இல்லை.

வாசிப்பது வேறு கதை. ‘ஒ’ என்று எழுதியிருக்கும், பாதி இடத்தில் ‘அ’ என்று வாசிக்க வேண்டும். பால் என்பதற்கு மூன்று ‘ஒ’ போட்டு ‘மொலொகொ’ என்று எழுதிவிட்டு ‘மலக்கோ’ என்கிறார்கள். எந்த ‘ஒ’ தன் ஓசையோடு நிற்கும், எது நிற்காது என்பது அந்தச் சொல்லில் எந்த இடத்தில் அழுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. புத்தகத்தில் அழுத்தும் எழுத்தின் தலையில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். நிஜ எழுத்தில் அந்தக் கோடு இருக்காதாம். தெரிந்தவனுக்குத் தெரியும் என்று விட்டுவிடுவார்களாம். நமக்கோ எல்லா எழுத்தையும் ஒரே சீராகச் சொல்லித்தான் பழக்கம். ஒன்றை அழுத்தினால் கோபமாகப் பேசுவது மாதிரி எனக்கே படும். நான் யாரிடமும் கோபமாகப் பேசியவன் இல்லை.

வணக்கம் சொல்வதற்கான சொல் எல்லாவற்றிலும் கொடுமை. உயிரெழுத்தே இல்லாமல் மூன்று மெய் சேர்ந்தாற்போல் வந்து அது தொடங்கும். நம் நாக்குக்கு அப்படித் தொடங்கத் தெரியாது. முன்னால் ஓர் இகரத்தை வைத்துக்கொண்டுதான் கிளம்பும். நடுவில் ஓர் எழுத்து எழுதியிருப்பார்கள், வாசிக்கக் கூடாது. வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். மனைவி ராட்டையில் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். தறிச் சத்தத்தில் என் சத்தம் அடங்கிவிடும். அமாவாசை அன்று எந்த வீட்டிலும் தறி ஓடாது, தெருவே சத்தமில்லாமல் கிடக்கும். அப்படி ஓர் அமாவாசையில், மெல்லச் சொன்னால் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக் கூடத்து மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக என் மனைவியைக் கூப்பிட்டாள்.

“இன்னாமா, உங்க வூட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லையா? தும்மல் வராம கஷ்டப்பட்டுக்கினு இருக்காரே.”

மனைவி வெகு நேரம் சிரித்தாள். அதற்குப் பிறகு வீட்டில் உதட்டை மட்டும்தான் அசைப்பேன்.

அடுத்த பஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி என்னை மெத்தையின் முன்வரிசைக்கு நகர்த்தி உட்கார வைத்தார். அண்ணன், இன்னும் இரண்டு விற்பனையாளர்கள், கணக்குப்பிள்ளை, தண்ணீர் கொடுக்க வந்தவர், எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். என் மடியில் ஏற்கெனவே இரண்டு சேலை பிரிந்து கிடந்தது. அது கிடக்கிற வரைக்கும் எழுந்து ஓடவும் முடியாது, சேலை மிதிபடும். எதிரே என் வயசுக்காரியான ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். தலையில் பூப்போட்ட கைக்குட்டை, வெயிலில் சிவந்த மூக்கு. நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, “நோ தமிழ்” என்றார்.

அண்ணன் அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லியே வியாபாரம் செய்தார். போகும்போதுதான் அந்த அம்மாளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். திரும்பி வந்து, தன் உதட்டில் விரலை வைத்து, அந்தச் சொல்லைத் துண்டு துண்டாகச் சொல்லிக் காட்டினார். “ஸ்த்ராஸ்... த்வுய்... த்யே.” நான் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சொல்லாவிட்டால் போக மாட்டார் போலிருந்தது. சொன்னேன். இன்னொரு தரம் என்று விரல் காட்டினார். தன் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்று பின்னால் தெரிந்தது. அதற்கப்புறம் பஸ் வந்தபோதெல்லாம் அவர் வந்தார். சேலை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் என் எதிரில்தான் உட்காருவார். ஒரு தரம் பட்டு என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லைத் தாளில் எழுதிக் காட்டினார். ‘ஷெல்க்’ என்று வாசித்தேன். தலையை ஆட்டி ‘ஷோல்க்’ என்றார். அந்த எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்திருந்தால் சரியாக வாசித்திருப்பேன். அவர்கள் வைப்பதில்லையாம், அதுவும் தெரிந்தவனுக்குத் தெரியுமாம். பட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு பட்டு என்ற சொல்லையே தப்பாக வாசித்தேன். அந்த அம்மாள் நல்ல மனசோடுதான் செய்தார்.  ஆனால் சனிக்கிழமை ராத்திரி வந்தால், மழை பெய்து சாலை கெட்டுப் போகாதா என்று வேண்டிக்கொள்வேன்.

தீபாவளி போய்விட்டது. உள் அறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். சேலை வேண்டும்போது யாராவது திறந்து எடுத்தோம்.

இங்கே விலைச் சீட்டு பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கடைகளில் சேலையில் கட்டும் சீட்டில் அடக்க விலையை எண்ணால் எழுத மாட்டார்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு குறி உண்டு. வேறு வேறு எழுத்தாகப் பத்து எழுத்து வருகிற மாதிரி ஒரு சொற்றொடரை வைத்துக்கொண்டு, முதல் எழுத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று போவார்கள். சீட்டைப் பார்த்ததும் விற்பனையாளனுக்கு எவ்வளவு வரைக்கும் இறங்கலாம் என்று தெரிந்துவிடும், வாங்குபவருக்குத் தெரியாது. எங்கள் முதலாளி குலதெய்வத்தின் பெயரோடு ஓர் ஊர்ப் பெயரைச் சேர்த்துக் குறி வைத்திருந்தார். அந்த வருஷம் எங்கள் கடை விற்பனையாளர் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு எதிர்க் கடையில் போய்ச் சேர்ந்தார். குறியும் அவரோடு போய்விட்டது. எங்கள் அடக்க விலை என்ன என்று எதிர்க் கடையில் தெரிந்துபோனது. முதலாளி சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். புதுக் குறிக்கு என்ன வைக்கலாம் என்று எல்லாரும் ஏதேதோ சாமி பெயர் சொன்னார்கள். எதைச் சொன்னாலும், அதையும் யோசித்துக் கண்டுபிடித்துவிடுவான் என்றார் முதலாளி.

அப்போது நான் பேசினேன். யாரும் கேட்காமல் நானாகப் பேசியது அந்தக் கடையில் அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

“ரஷ்யா எழுத்துல எழுதிட்டா?”

 முதலாளி தொடையில் தட்டினார்.

“நம்ம ஊர்ல எவனால படிக்க முடியும்?”

எனக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கடையில் இருந்த அத்தனை சேலைக்கும் சீட்டு மாற்ற வேண்டும். அந்த எழுத்து எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுதுவதற்கு உட்கார வேண்டிய இடம் உள் அறை.

சாவி அன்றைக்கே என் கைக்கு வந்தது. எழுத்து வரிசையில் முதலில் இருந்தே பத்தை எடுத்தேன். மேலே புள்ளியும் வளைவும் உள்ளவற்றை மட்டும் விட்டுவிட்டேன், சின்னச் சீட்டில் மசி இழுத்துவிடும் என்று. பத்தாவது எழுத்து சைபர். வரிசையாகவே வைத்ததால் மற்ற விற்பனையாளர்களுக்கும் சொல்லிக் கொடுக்கச் சுலபமாக இருந்தது. அண்ணன் எழுத்தாக எதையும் படிக்கவில்லை. குடிசை மாதிரி இருப்பது ஐந்து, பூச்சி மாதிரி இருப்பது ஏழு என்று பிடித்துக்கொண்டார். எட்டாவது எழுத்தைப் பார்த்து மட்டும் தகராறு செய்தார். “அப்பட்டமா மூணு மாதிரி இருக்குது, எட்டுன்றியே. கடையைக் கவுக்கறதுக்குன்னே படிச்சிக்கினு வந்தியா?”

அந்த மழைக்காலம் என் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம். பஸ் வரவில்லை. ஜன்னல் வழியாக ஈரக் காற்று வரும். சேலை மடிப்புக்குள் இருந்து புதுப் பட்டின் வாசனை வரும். கூடத்தில் அண்ணன் யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருப்பது தூரத்தில் கேட்கும். நான் அந்த எழுத்துகளை ஓசை இல்லாமல் எழுதிக்கொண்டே இருந்தேன். வாயில் வராதபோது என்னை வதைத்த எழுத்துகள் கையில் எவ்வளவு சாதுவாக இருந்தன. சீட்டெல்லாம் மாற்றி முடிந்த பிறகும் முதலாளி என்னை வெளியே கூப்பிடவில்லை. புதுச் சரக்கு வருகிறதே, நீயே அங்கே இருந்துவிடு என்றார்.

நானும் முதலாளியும், கடையில் இருந்த அத்தனை பேரும், ஒன்றை யோசிக்கவில்லை. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மழை விட்டதும் மறுபடி எங்கள் மெத்தையில் வந்து உட்காருவார்கள் என்பதை. கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் நான் அந்த எழுத்தையே கற்றேன். ஆனால் சீட்டு எழுதத் தொடங்கியபோது எங்கள் கண்ணுக்கு எதிர்க் கடை மட்டும்தான் தெரிந்தது.

பொங்கல் கழித்து முதல் பஸ் வந்தது. வெளியே அவர்கள் பேச்சுச் சத்தம் கேட்டதும் நான் அறையில் அசையாமல் உட்கார்ந்தேன். அண்ணன் சமாளித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் கைதட்டலும் கேட்டன. பிறகு கணக்குப்பிள்ளை வந்து, முதலாளி கூப்பிடுகிறார், உடனே வா என்றார்.

மெத்தை முழுக்கப் பெண்கள். நடுவில் அந்தக் கணக்கு வாத்தியார் அம்மாள். ஓர் அரக்கு நிறச் சேலையின் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, அதில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு விரலை மடக்கி எண்ணி, ஒரு தொகையைச் சொன்னார். எண்கள் எனக்கு நன்றாகத் தெரியும், அவைதான் முதலில் படித்தவை. அவர் சொன்னது அந்தச் சேலையின் அடக்க விலை, சரியாக. எல்லாச் சீட்டிலும் கடைசியில் ஒரே எழுத்து வருவதைக் காட்டி, அது சைபர் என்பதற்கு விரலால் வட்டம் போட்டார். அப்புறம் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். விலை, ரஷ்ய பாஷையில், எங்களுக்கு என்ற சொற்கள் எனக்குப் பிடிபட்டன.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் எங்கள் குறியை உடைத்துவிட்டதாக நினைக்கவே இல்லை. பேரம் பேசத் தெரியாத தங்களுக்காகக் கடையில் அக்கறையாகத் தங்கள் எழுத்தில் விலை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அவர்கள் ஊரில் சீட்டில் போட்டதுதான் விலையாம். மற்றப் பெண்களுக்கும் அவர் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர்கள் ஆளுக்கொரு சேலையை மடியில் வைத்துக்கொண்டு, சீட்டை வாசித்து, அந்தத் தொகையைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாப்பா சொல்றாங்க? எதுக்கு எல்லாரும் இவ்ளோ குஷியா இருக்காங்க?” என்றார் முதலாளி.

நான் அவர் காதருகில் குனிந்து சொன்னேன். சீட்டைப் படிக்கிறார்கள், அடக்க விலைக்குக் கேட்கிறார்கள், அது நாம் அவர்களுக்காக எழுதியது என்று நினைக்கிறார்கள். முதலாளியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, அதை எடுத்துவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“சொல்லு. அது விலை இல்லன்னு சொல்லு. சேலை நம்பருன்னு சொல்லு.”

நம்பருக்கு அவர்கள் சொல்லும் சொல் எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பெண்கள் பணத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சேலையை மடித்துப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார். நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். இது விலை அல்ல. இது எங்களுக்கு.

அவ்வளவுதான். விலை என்ற சொல்லில் எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று. எழுதியிருக்கிற ‘எ’ அங்கே நம் குற்றியலுகரம் மாதிரி ஆகிவிடும். அது தானாக அப்படி வந்தது. அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தம் விழுந்தது. என் குரல் கூடத்தின் கடைசி வரைக்கும் போனதை நானே கேட்டேன்.

அந்த அம்மாள் உதட்டில் விரலை வைக்கவில்லை. திருத்த எதுவும் இல்லை. ‘எங்களுக்கு’ என்று நான் சொன்னதைத் தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று தெரிந்தது. மற்றவர்களிடம் திரும்பி ஏதோ சொன்னார். அவர்கள் கொஞ்சம் முனகினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு எல்லாக் கடையிலும் செய்வது மாதிரி விரலைக் காட்டி அண்ணனோடு பேரம் பேசத் தொடங்கினார்கள். வியாபாரம் நடந்தது. அவர் மட்டும் அரக்குச் சேலையை ஓரம் ஒட்டி நன்றாக மடித்து மெத்தையில் வைத்தார். எடுக்கவில்லை.

எழுந்து போகும்போது அந்த அம்மாள் முதலாளி முன்னால் நின்றார். என்மேல் அவருக்கு வருத்தம் இருந்ததா இல்லையா என்பது இன்றைக்கும் தெரியாது. ஆனால் வாத்தியார், வாத்தியார்தானே. என்னைக் காட்டி, தெரிந்த இரண்டு மூன்று இங்கிலீஷ் சொல்லையும் சேர்த்து வைத்து, “குட். வெரி குட். ஹி ஸ்பீக்” என்றார்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல சரக்கு ஒன்று தன் கடையிலேயே இத்தனை நாள் அடுக்கின் அடியில் கிடந்திருக்கிறதே என்று பார்க்கிற பார்வை அது.

மறுநாளே குறி மாறியது. பழையபடி தமிழ் எழுத்து, புதுச் சாமி. சீட்டெல்லாம் மறுபடி எழுத வேண்டும். அதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று காலையில் சீக்கிரமே போய் அறை வாசலில் நின்றேன். அண்ணன் சாவியோடு வந்தார். முழங்கால் வலிக்கு அறைக்குள் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடப்பட்டார். “நான் கேக்கலப்பா, அவரா சொன்னாரு. எனக்கு எழுத்து கோணலா வரும்னுகூட சொன்னேன்” என்றார்.

அன்றைக்குப் பகல் முழுக்க ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டே இருந்தேன். தமிழ் வாக்கியம்தான், சின்னது. ரஷ்ய வணக்கத்துக்குப் பட்ட பாட்டைவிட அதிகம் பட்டேன். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து முதலாளியின் மேசை முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

“எனக்கு உள் ரூமுதான் வேணுங்க.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம். என் தோளில் கை வைத்து, அன்பாகத்தான் சொன்னார்.

“நீ உள்ள போய் உக்காந்துக்கினா வெளிய யாருப்பா பேசறது?”

 இன்னொரு வாக்கியம் நான் தயார் செய்துகொண்டு போகவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்து மெத்தையில் உட்கார்ந்தேன். அண்ணன் இருந்த இடம் அது. யாரோ நடுவயசுக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மயில் கழுத்து நிறத்தில் கேட்டார். காட்டினேன். எவ்வளவு என்றார். சொன்னேன்.

அந்த அம்மாளின் கணவருக்கு இங்கே வேலை முடிந்து அவர்கள் ஊருக்குப் போய்விட்டதாக அடுத்த பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். நான் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டேன். எப்போது போனார் என்று திருப்பிக் கேட்கவும் கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் யாரும் இப்போது என் வாயைப் பார்ப்பதில்லை, பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை. ஏழெட்டு வருஷம் கழித்து இதை எழுதுகிற இன்றைக்கும், காலையில் கடை திறந்து முதல் ஆள் படியேறும்போது மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடிக்கத்தான் செய்கிறேன். உள் அறையில் அண்ணன் நிம்மதியாக இருக்கிறார். சத்தம் தொந்தரவாக இருக்கிறதாம், கதவைச் சாத்தி வைத்துக்கொள்கிறார். கூட்டம் நிறைந்த நேரத்தில்கூட அவர் உள்ளே இருந்து தாழ்ப்பாள் போடுவது எனக்குக் கேட்டுவிடும்.